முப்பத்தாறு கட்டங்கள்

1991 ஜூன் 7, வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை. ஆறரைக்கு எழுந்தேன். ஏழேகாலுக்கு அப்பாவுடன் தேக்கா சந்தைக்குப் போய் வெண்டைக்காயும் பூவும் வாங்கி வந்தோம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை கணக்குப் பயிற்சி. மாலை ஆறுக்கு மாப்பிள்ளையின் அண்ணன் வருகிறார். அதற்குள் படத்தை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

அன்றைய நாட்குறிப்பில் பென்சிலால் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது.

எங்களோடு இருந்த அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, ஒரு வரன் வந்திருந்தது. எங்களைப்போலச் சிங்கப்பூர்ப் பையன்தான். அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், நாட்டின் நடுவில் ஏதோ சோளக்காட்டில் மாட்டு மருத்துவராகத் தங்கிவிட்டவர். தன் வட்டாரத்தைக் கையால் படமாக வரைந்து கடிதத்தோடு அனுப்பியிருந்தார். ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம், முப்பத்தாறு கட்டங்கள், மைலுக்கு ஒரு சாலை. அதற்குள் மூன்று ஊர்கள். முதல் ஊரில் தானியக் கிடங்கும் பெட்ரோல் நிலையமும். இரண்டாவதில் ஒரு தேவாலயமும் கல்லறையும். மூன்றாவதில் ஒன்றுமில்லை. ரயில் நின்றுபோனபின் நாற்சந்தியில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறதாம்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய அப்பா யாரையும் லேசில் நம்பமாட்டார். ஆனால் நியாயம் பார்ப்பவர்.

"படிச்ச பையன், நல்ல குடும்பம். பொய்னு ஏதாவது இருந்தாத்தான் வேணாம்னு சொல்லலாம். இல்லாட்டி என்ன காரணம் சொல்றது?" என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை துவாஸில் ஒரு தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்த்தவர்; ஆனாலும் வீட்டில் அப்பா சொன்னால் சொன்னதுதான்.

கடிதம் வந்த அன்றிரவே அப்பா அதை என் மேசையில் வைத்தார். "நீதானே மேப்ல கெட்டிக்காரி. நல்லாப் பாரு. எங்கயாச்சும் இடிக்குதான்னு பாரு."

இடித்தது. பள்ளி நிலப்படப் புத்தகத்தின் பெயர்ப் பட்டியலில் மூன்று ஊர்களுமே இல்லை. கட்டங்களுக்கு எண் போட்டிருந்த விதம் அதைவிட மோசம். ஒன்று வலது மூலையில் தொடங்கி இடப்பக்கம் ஆறு வரை போனது. ஏழு அதற்கு நேர் கீழே, அங்கிருந்து வலப்பக்கம். பாம்புபோல வளைந்து வளைந்து முப்பத்தாறுக்கு வந்தது. ஒழுங்கான மனிதர் யாராவது இப்படி எண்ணுவாரா? நேராக வந்த சாலை ஒன்று வடக்கு எல்லையில் கொஞ்சம் விலகி, மறுபடி நேராகப் போனது. ஆள் இல்லாத இடத்துக்கு யார் மெனக்கெட்டுப் பெயர் வைப்பார்கள்? எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பக்கத்து வீடு எவ்ளோ தூரம்?"

படத்தில் வீடுகளைக் காட்டிய புள்ளிகளுக்கு நடுவே அளவுகோல் வைத்துப் பார்த்தேன். "ஒரு மைல், அத்தை."

"இன்னொரு தடவை அள."

வெள்ளி மாலை மாப்பிள்ளையின் அண்ணன் ஆரஞ்சுப் பையோடு வந்தார். அப்பா கண்காட்ட, நான் படத்தை விரித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அங்கெல்லாம் அப்படித்தான் லா, பாப்பா. என் தம்பி பொய் சொல்ல மாட்டான், அண்ணே."

"நீங்க போய்ப் பார்த்திருக்கீங்களா, தம்பி?" என்று அப்பா அவரைக் கேட்டார்.

"இல்ல. டிக்கெட் என்ன சும்மாவா கொடுக்குறான்?"

"அப்ப யாருதான் பார்த்தது?"

அப்பா அத்தையைப் பார்த்தார். தேநீர்த் தட்டைக் கீழே வைக்காமலே அத்தை சொன்னார்: "பாப்பா சொல்றது சரியாத்தான் இருக்கு, அண்ணே. எனக்கும் நம்பிக்கை வரல."

வந்தவர் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அவன்கிட்ட நான் என்னன்னு சொல்றது? கோடு கோணலா இருந்துச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். ஆரஞ்சுப் பை மேசையிலேயே இருந்தது. உள்ளே எட்டுப் பழங்கள் இருந்தன.

இப்போது கைப்பேசியில் தேடினால் மூன்று ஊர்களும் வருகின்றன, பெயர்ப்பலகை மட்டும் உள்ளதும் சேர்த்து. அங்கே நிலத்துக்கு அப்படித்தான் எண் போடுகிறார்கள். உருண்டையான பூமியின் மேல் சதுரங்கள் சரியாக உட்காராது என்பதால் சாலையை அங்கங்கே விலக்கிப் போடுகிறார்கள். பூமி உருண்டை என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன் அப்போதே. ஓர் உண்மையான மனிதரைப் பொய்யர் ஆக்கியது என் அளவுகோல்.

அவர் வந்துபோன மறுநாள் சனிக்கிழமை, தொழிற்சாலைப் பேருந்துக்குக் கிளம்பும் முன் அத்தை என்னை எழுப்பினார். பழுப்புத் தாள் சுற்றிய கனமான புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார். "முதல் வேலையா இதை லைப்ரரில போட்டுடு. இன்னைக்குத்தான் கடைசி நாள். பிரிச்சுப் பார்த்துக்கிட்டு நிக்காத."

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே தூண் மறைவில் பிரித்தேன். அமெரிக்க விளைநிலங்களைப் பற்றிய புத்தகம். அத்தையின் சம்பளச் சீட்டு செருகியிருந்த பக்கத்தில் முப்பத்தாறு கட்டங்கள், பாம்புபோல வளையும் எண்கள், விலகிப் போகும் சாலை. பக்க ஓரத்தில் அத்தையின் கையெழுத்தில் பென்சிலால் 'ஒரு மைல்' என்று எழுதி அழித்த தடம் தெரிந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நூலகத்தின் திருப்பித்தரும் பெட்டியில் புத்தகத்தைப் போட்டுவிட்டு, அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து நாட்குறிப்பில் எழுதினேன்:

"ஜூன் 8. சந்தேகம் உறுதி. அந்த ஆள் இந்தப் புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார்."