மரக்கடைக் கொட்டகையில் நின்ற கார்

நொறுங்கி வரும் கார்களை நிமிர்த்திக் கொடுப்பதுதான் என் அக்கா புருஷனுக்குத் தொழில். அப்பேர்ப்பட்டவர் எங்கள் அப்பாவின் அறுபது வருடக் காரை ரிவர்ஸில் எடுத்துத் தூணில் மோதினார். சேஸிஸின், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டத்தின், பின்பாதி கோணிக்கொண்டது. அன்றிலிருந்து நான்கு மாதமாக அப்பா மருமகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு மாமாவின் கைக்கருகே இருந்தாலும் என்னிடம்தான் கேட்பார்.

நிமிர்த்துவது மாமாவுக்குப் பெரிய விஷயமில்லை. எதுவரை நிமிர்த்துவது என்பதில்தான் வில்லங்கம். காரைச் செய்த கம்பெனியை என்றைக்கோ மூடிவிட்டார்கள், அளவுப் புத்தகமும் அதோடு போயிற்று. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் போன் போட்டார். ஆளுக்கோர் அளவு சொன்னார்கள்.

போன வாரம் ஒரு மரக்கடைக்காரர், அதே மாடல் தன் கொட்டகையில் நிற்பதாகச் சொன்னார். அதற்குமேல் மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எங்களைக் கிளப்பினார். காருக்கடியில் மாமாவும் நானும் மல்லாந்து படுத்து, இரும்பு டேப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். அக்கா நோட்டோடு வெளியே உட்கார்ந்தாள். சட்டம் கோணாமல் இருந்தால் மூலைக்கு மூலை குறுக்காக எடுக்கும் இரண்டு அளவும் ஒன்றாக வரும். இரண்டு முன்மூலைகளிலிருந்தும் எதிர்ப் பின்மூலைக்கு டேப்பை இழுத்தோம். இரண்டுக்கும் பதினோரு மில்லிமீட்டர் வித்தியாசம்.

“இதுவும் அடிபட்டதுதான் மச்சான்,” என்றார் மாமா. எனக்கு அழுகை வந்தது, மூக்கில் மரத்தூள் வேறு.

அக்கா குனிந்து எட்டிப் பார்த்தாள். “இது எங்கங்க அடி வாங்கியிருக்கு?”

“முன்னால. பம்பரைப் பாரு, நசுங்கிக் கெடக்கு.”

“நம்ம கார் பின்னாலதானே கோணிச்சு? இதோட முன்பக்கம் நமக்கு எதுக்கு?”

மாமா தலையைத் தூக்கிய வேகத்தில் நெற்றி சைலன்சரில் இடித்தது. அவர் கவலைப்படவில்லை. நடுக்குறுக்குச் சட்டத்தின் ஒரு முனையிலிருந்து எதிர்ப் பின்மூலைக்கு டேப்பை வைத்தார். ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு. டேப்பை மாற்றிப் பிடித்தோம். அதே ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு. மாமா படுத்தபடியே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா எழுதிய எண் கோழிக் கிறுக்கலாக இருந்தது.

ஆறே நாளில் கார் வாசலுக்கு வந்தது. அப்பா அதை மூன்று முறை சுற்றினார், குனிந்து பார்த்தார், ஒரு குறையும் அகப்படவில்லை. ஸ்டீயரிங் பக்கம் போகாமல் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து, சாவியை மாமாவிடம் நீட்டினார்.

“பின்னாடி பாத்து எடுங்க மாப்பிள்ளை.”