பூ எண்ணாத நாட்கள்

என்னோடு வேலை பார்த்த அக்காவின் நோட்டில் சில தேதிகளுக்கு எதிரே எண் இருக்காது. பென்சிலால் இழுத்த ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கும். பெங்களூருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சித் தோட்டம். குறியிட்ட சாத்துக்குடிக் கிளைகளில் தினமும் மொட்டையும் பூவையும் எண்ணி எழுதுவது அவர் வேலை. அந்த எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. மழையையும் வெயிலையும் அவற்றோடு சேர்த்து, மரம் எந்த வாரம் பூக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கணிப்பை எங்கள் சார் உருவாக்கிக்கொண்டிருந்தார்.

மருந்தடிக்கும் நாளில் யாரும் தோட்டத்துக்குள் போகக்கூடாது என்பது சார் போட்ட உத்தரவு. அப்படி எண்ணாத நாளுக்குத்தான் அந்தக் கோடு. ஒரு நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகளுக்குக் கடும் காய்ச்சல். மிச்சப் பக்கங்களை அவசரமாக ஏற்றினேன். கணினி கோட்டை ஏற்கவில்லை; எண் கேட்டது. கோடு இருந்த இடத்திலெல்லாம் சுழியம் போட்டுவிட்டு ஓடினேன். எண்ணவில்லை என்பது, பூவே இல்லை என்றாகிவிட்டது.

கணிப்பு தாறுமாறானது. சார் எல்லோர் முன்னாலும் அக்காவிடம் கத்தினார்.

"நேத்து நாப்பது பூ, இன்னிக்கு ஜீரோ, நாளைக்கு மறுபடி நாப்பதா? வீட்ல உக்காந்து எழுதுறியா?"

"நான் ஜீரோவே எழுதல சார். நோட்டைப் பாருங்க."

பார்க்கவில்லை. புரட்ட ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? மருந்தடிக்கும் பதிவேட்டில் அவர் கையெழுத்தே இருந்ததே! நாளையிலிருந்து வராதே என்றார். அது நான் போட்ட சுழியம் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. என்னுடையதும் ஒப்பந்த வேலை. வாய் திறக்கவில்லை.

வருடங்கள் பல ஓடின. போன வாரம் மல்லேஸ்வரத்தில் சாருக்குப் பணி ஓய்வு விழா. மேடையில் இதையே வேடிக்கைக் கதையாக்கினார்: "வீட்ல உக்காந்தே பூ பூக்க வெச்ச ஒருத்தி எங்ககிட்ட இருந்தா!" மண்டபம் சிரித்தது. எழுந்துவிட்டேன்.

"அந்த ஜீரோ நான் போட்டது சார். அவங்க கோடுதான் போட்டிருந்தாங்க. நீங்க நோட்டைத் திறக்கவே இல்ல."

"பழைய கதைம்மா, உக்காரு. சாப்பாடு ஆறிடும்" என்றார். மறுபடியும் சிரிப்பு. ஒரு பெண்ணின் பிழைப்பு அவருக்குப் பந்திக்கு முந்தைய தமாஷ். "விடும்மா, பிபி ஏறும்" என்கிறாள் மகள். எப்படி விடுவது?

மறுநாள் ஆஸ்டின் டவுனில் அக்காவைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி. கம்ப்யூட்டர்ல ஏத்துறவ நீ ஒருத்திதானே? எப்படியும் நீ வந்து சொல்லுவன்னு சாயங்காலம் வரைக்கும் கேட்டாண்டயே நின்னேன். நீ பின்வழியா பஸ் ஏறப் போயிட்ட."