கரும்புக்குள் படித்தவள்

எதையும் தேதி போட்டுக் குறித்து வைப்பவள் நான். அந்த நாளை மட்டும் தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை என்றே நினைவில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. முதல் தாள் தமிழ்.

கல்வராயன் மலையில் ஓர் ஊரில் மாலை வகுப்பு நடத்துகிறேன். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள்தான். பிள்ளைகளுக்கு நான் டீச்சர். பொங்கல் கழிந்ததும் அந்த ஊரில் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்ட இறங்கிவிடுவார்கள். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே விட முடியாதென்று ஒரு தாய், என்னிடம் படிக்கும் பத்தாம் வகுப்பு மகளையும் கூட்டிப் போயிருந்தாள். தேர்வு முடியும்வரை அந்தப் பெண் சங்கராபுரத்தில் என் வீட்டில் தங்கட்டும் என்று கேட்க, பள்ளியில் அவள் ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன்.

வெட்டி முடித்த கரும்புக் கொல்லையில் தாய் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“பொண்ணு எங்கம்மா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “மெதுவா பேசுங்க டீச்சர். மேஸ்திரி கண்ல பட்டா அதையும் கட்டுத் தூக்கச் சொல்லுவாரு. அதான் அந்தாண்ட கொல்லையில, கரும்புக்குள்ள குந்திகினு படின்னு வுட்டுருக்கேன். நாளைக்குத்தான் அத வெட்றாங்க.”

“கரும்புக்குள்ளயா? பாம்பு இருக்காதா?”

“மேஸ்திரிக்கு பாம்பு தேவல.”

அவள் சிரித்து முடிப்பதற்குள் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்துக் கொல்லையின் ஓரத்தில் தீ. சோகை என்கிற காய்ந்த கரும்பிலையைக் கொளுத்திவிட்டால் வெட்டுவது சுலபம். அந்தக் கும்பல் வழக்கமாகக் கொளுத்துவதில்லை. அன்று ஆள் குறைவு என்று மேஸ்திரி கொளுத்தச் சொல்லிவிட்டார். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் மகளை அங்கே ஒளித்ததும் யாருக்கும் தெரியாது.

தாய் கத்திக்கொண்டே ஓடினாள், பின்னாலேயே நானும். மேஸ்திரி வழியை மறித்தார். “இன்னாத்துக்கு இப்டி கத்துற?”

“என் பொண்ணு உள்ள இருக்குதுய்யா!”

அவரும் கத்தினார். தீ எங்கள் எல்லோருடைய குரலையும் விழுங்கியது. நானும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே நுழையப் பார்த்த தாயின் புடவையை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

“யம்மா!”

குரல் பின்னாலிருந்து, வாய்க்கால் பக்கமிருந்து வந்தது. முழங்கால்வரை சேறு, மார்போடு தமிழ்ப் புத்தகம். “எலிங்க எல்லாம் கும்பலா ஓடுச்சி. இன்னாமோன்னு நானும் அதுங்க பின்னாலயே ஓடியாந்துட்டேன்.”

தாய் ஓங்கி ஓர் அறை விட்டாள். அடித்த கையாலேயே மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள், விடவே இல்லை.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“வேணாம் டீச்சர். என் கண்ணவுட்டு எங்கியும் அனுப்ப மாட்டேன். பரிச்சையும் வேணாம், ஒன்னியும் வேணாம்.”

“அப்ப நீயும் வா,” என்றாள் மகள்.

தாய் மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார். “வெட்டுக் கத்திய வெச்சிட்டுப் போ,” என்றார்.

ஸ்கூட்டியில் மூவரும் ஏறினோம். நேராகச் சங்கராபுரத்தில் என் வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை மகள் தேர்வறைக்குள் போனாள். நாங்கள் பள்ளி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். பாதி நேரம் போனபின் தெருமுனையில் யாரோ குப்பையைக் கொளுத்தினார்கள். புகை வந்ததும் தாய் எழுந்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெறும் குப்பைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நானும் எழுந்து நின்றிருந்தேன். கடைசி மணி அடித்து மகள் வெளியே வரும்வரை இருவரும் உட்காரவில்லை.