டிரைவர் நடந்து போன வழி

அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகியும் பெயர் மட்டும் இறங்கவில்லை. கண்ணில் வந்த நீர் அழுத்தம் முதலில் பார்வையின் ஓரங்களைத் தின்றது, பிறகு நடுவையும் விட்டுவைக்கவில்லை. அதற்கப்புறம் மனிதர் ஜன்னலோரம் ரேடியோவும் கையுமாக உட்கார்ந்தவர்தான். வெளியே போவதென்றால் மனைவியின் தோள். வெள்ளைக் கோல் வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னபோது வீட்டை இரண்டு பண்ணிவிட்டார். ஊரையே ஏற்றி இறக்கியவனைப் பார்த்து ஊர் 'உச்' கொட்ட வேண்டுமா என்று குதித்தார். வறட்டுக் கௌரவம், வேறென்ன.

அந்தத் தோள் ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டது. ஈரல் போய்விட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் மகனிடம் தணிந்த குரலில் சொன்னது அவள் காதிலும் விழுந்துவிட்டது. தன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போனப்புறம் நீங்க அந்த ஜன்னல்லயே உக்காந்துடுவீங்க. எனக்கு அதுதான் மனசு அடிச்சுக்குது. ஒரே ஒரு தடவை, துணைக்கு யாரும் இல்லாம, நீங்களா நடந்து வந்து இங்க நில்லுங்க. கண்ணால பாத்துட்டேன்னா போதும்."

மறுநாளே பார்வையற்றோர் பயிற்சி நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் கண்டக்டர் வாய். வலது கால் முன்னே போகும்போது கோல் இடப்பக்கம் போக வேண்டும். வழி சொல்லும் போனுக்கு ஒரு காது, வண்டிச் சத்தத்துக்கு மறு காது. "வாசல் வந்தாச்சுன்னு போன் சொல்லும் சார். அதை நம்பி உள்ள நுழைஞ்சுடாதீங்க. நாலு எட்டு முன்னபின்ன இருக்கும். அந்த நாலு எட்டும் உங்க கம்பு பாடு." நடுவில் யாராவது போன் செய்தால் வழி சொல்லும் குரல் நின்றுவிடும், நடுரோட்டில் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான். அதனால் கிளம்பும் முன் அழைப்புகளை நிறுத்திவைக்கவும் சொல்லிக்கொடுத்தாள்.

டிரைவருக்கு இருந்த வியாதியே வேறு. போன் நேராகப் போகச் சொல்லும் இடத்தில் இவர் இடப்பக்கம் திரும்பிவிடுவார். ஏனென்றால் பஸ் அப்படித்தான் திரும்பும். அந்தத் தெரு ஒருவழிப் பாதை.

"சார், நீங்க இப்ப பஸ் இல்ல. நடக்கறவங்களுக்கு ஒன்வே கிடையாது."

காலமெல்லாம் சுற்றிக்கொண்டு போன தெருவில் எதிர்த்திசையில் நடப்பது அவருக்குத் திருட்டுத்தனமாகவே இருந்தது. முதல் தடவை எந்தப் பக்கத்திலிருந்து போலீஸ்காரர்கள் விசில் அடிக்கப்போகிறார்களோ என்று வியர்த்துப்போனார்.

மாலையில் மகன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது மனைவியின் முதல் கேள்வி, "இன்னிக்கு எதுல முட்டினீங்க?" என்பதுதான். சொல்லச் சொல்லச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது இவர் காதுக்குத் தெரியாமலா இருக்கும்? பயிற்சிக்காரியை அவசரப்படுத்தினார். கடைசியில் ஒருநாள் அவள், "நாளைக்கு நான் பின்னால வர மாட்டேன் சார்" என்றாள்.

இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, அழைப்புகளை நிறுத்திவைத்துவிட்டுக் கிளம்பினார். பாதி வழியில் ஒரு ஸ்கூட்டர் உரசுகிற மாதிரி வந்து நின்றது. தெருமுனை மெக்கானிக்.

"டிரைவரண்ணே, ஆஸ்பத்திரிக்கா? ஏறுங்க, ஒரு நொடியில விட்டுடறேன்."

"நீ போப்பா. இன்னிக்கு நான் எவன் வண்டியிலயும் ஏறுறதா இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வெகுநாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் தலை நிமிர்ந்து நடந்தார். ஆஸ்பத்திரி வாசலைக் கோலால் தட்டிப் பிடித்தார். வார்டுக்குள் சுவரைத் தொட்டுக்கொண்டே போய் அவள் கட்டிலருகே நின்றார்.

"ஏம்மா, வந்துட்டேன் பாரு. கூட ஒரு குஞ்சு குளுவான் கிடையாது!"

கையை நீட்டினால் தலையணை கூட இல்லை. ரெக்சின் மெத்தை ஜில்லென்றிருந்தது.

"ஐயா, அவங்களுக்கு மூச்சுத் திணறிடுச்சு, அவசரப் பிரிவுக்கு மாத்திட்டாங்க" என்று ஓடிவந்தாள் நர்ஸ். "உங்க பையன் உங்களுக்குத்தான் போன் பண்ணிக்கிட்டே இருந்தாரே!" கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கதவருகே மகன் அழுகிற சத்தம் கேட்டது.

"எப்ப?"

"இப்பதாம்பா. கொஞ்சம் முன்னாடி."

டிரைவர் கட்டில் கம்பியைத் தடவி அவள் கையைக் கண்டுபிடித்தார். சூடு இன்னும் இருந்தது.

"அடிச்சு அடிச்சுப் பாத்தேம்பா. பக்கத்து வீட்ல கேட்டா தனியா கிளம்பிட்டாருன்னாங்க. அம்மாகிட்ட சொன்னேன். 'போதும், இனிமே கூப்பிடாத, நடக்கறப்போ கூப்பிட்டா அவருக்கு வழி தப்பிடும்'னாங்க. அப்புறம் கதவையேதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

டிரைவர் அவள் கையை விடாமலே மகன் பக்கம் திரும்பினார்.

"ஸ்கூட்டர்ல ஏறியிருந்தா பாத்திருப்பாளாடா?"

"எந்த ஸ்கூட்டர்ப்பா?" என்று கேட்டான் மகன்.