குடை பிடித்துக் கொண்டுபோன நெருப்பு

வால்மை எங்கள் தெருவுக்குக் கல்யாணம் ஆகி வந்தபோது அவளுக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளோடு வந்தவை ஒரு பெட்டித் துணி, கேக் சுடும் நாலு தகரம், நீளக் கம்பியில் மாட்டிய ஒரு பிரஷ். பிரஷ் எதற்கு என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"புருஷன் எப்படின்னு பேசிப் பாத்தா தெரிஞ்சிடும் பெக். அவன் வீட்டு அடுப்பு எப்படின்னு உள்ள கையை விட்டாத்தான் தெரியும்" என்றாள்.

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

டெனிஸ்டன் மலை உச்சியில் பிறந்தவள். சுரங்கத்து ஆட்கள் தங்கும் விடுதியில் சின்ன வயதிலேயே சமையலுக்குச் சேர்ந்து, இரண்டு ஓவன் வைத்த பெரிய கரியடுப்பில் ஒரு ஷிப்டுக்கே காலைச் சாப்பாடு ஆக்கிப் போட்டவள். முதல் புருஷன் படகோடு கடலில் மூழ்கிப் போய்விட்டான். அதற்காக மூலையில் உட்காரவில்லை. வெஸ்ட்போர்ட்டில் ஒரு சின்ன வீட்டை வாங்கி, கேக் சுட்டு விற்றே காலம் தள்ளினாள். யாருக்கும் பயந்ததாகவோ, யாரிடமும் யோசனை கேட்டதாகவோ அவள் சரித்திரத்தில் இல்லை. டூகல் ரென்னியைக் கல்யாணத்துக்குக் கேட்டதும் அவள்தான்.

"நீயும் தனியா உருளைக்கிழங்கு அவிக்கிறே, நானும் தனியா அவிக்கிறேன். ரெண்டு பானை எதுக்கு?" என்றாளாம். டூகலுக்கு மறுத்துச் சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

ஆனால் வெஸ்ட்போர்ட் வீட்டை அவள் விற்கவில்லை. "ஒரு குளிர்காலம் போகட்டும், பாத்துக்கலாம்" என்று சாவியை ஏப்ரன் பையிலேயே வைத்திருந்தாள்.

டூகல் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவன். நல்லவன்தான். ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். புது மனைவிக்காக அலமாரியைக் காலி செய்து கொடுத்தான். மூத்தாள் எட்னாவின் துணிகளைச் சர்ச் விற்பனைக்கு அனுப்பினான். ரேடியோவில் எந்த நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றான். ஒன்றை மட்டும் விடவில்லை. அடுப்பைக் கிளறுகிற கம்பி.

எங்கள் கரிச்சுரங்க ஊர் ரூனங்காவில் ஒரு வீட்டு நெருப்பு ஒரு கைக்குத்தான் சொந்தம். பாதிரியார் வந்தாலும் அடுப்பருகில் குளிர் காயலாமே தவிர, கம்பியைத் தொட மாட்டார். நான் கரண்டு அடுப்பு வாங்கி வருஷக்கணக்காகிறது. அதனால் என்னை 'சுவிட்சுக்காரி' என்பார்கள். இந்தக் கணக்கில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். இருந்தாலும் அடுத்தவர் வீட்டுக் கம்பியில் கை வைக்கிற தைரியம் எனக்கும் கிடையாது.

டூகல் கம்பியை விடாததற்கு வேறு காரணமும் உண்டு. எட்னா ஒரு சனிக்கிழமை காலையில் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். டூகல் அப்போது பூமிக்கடியில் இருந்தான். அவனை மேலே கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடு நிறையப் பெண்கள், அடுப்பு நிறைய நெருப்பு, கெட்டிலில் வெந்நீர். அவள் கடைசியாக மூட்டிய நெருப்பு அது என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் அதை அணைய விட்டதே இல்லை. ராத்திரியில் ஈரக் கரித்தூளைப் போட்டு மூடுவான், காலையில் கிளறி எழுப்புவான். ஆறு வருஷம்! கேட்கும்போது எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அந்த அடுப்பில் சமைக்க வேண்டியவள் வேறொருத்தி.

ஆடுவதற்கும் பாடுவதற்கும் ஊர் மண்டபத்தில் கூடும் நாளில் பெண்கள் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுபோவது எங்கள் வழக்கம். வால்மை முதல் தடவை ஸ்பாஞ்ச் கேக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். அடிப்பக்கம் வேகவே இல்லை.

"என்ன வால்மை, மலைச்சரிவுல வெச்சு சுட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். மண்டபமே சிரித்தது. வேறொருத்தியாக இருந்தால் தட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருப்பாள். வால்மை ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"கேக்குல தப்பில்லடி. அடுப்புக்குத்தான் வயிறு அடைச்சிருக்கு" என்றாள்.

கரியடுப்பின் சூட்சுமம் அதுதான். நெருப்பின் சூடு ஓவனுக்கு மேலே போய், பக்கவாட்டில் இறங்கி, அடியில் சுற்றிவிட்டுத்தான் புகைபோக்கிக்கு ஏற வேண்டும். அடியில் புகைக்கரி அடைத்துக்கொண்டால் ஓவனின் தரை சில்லென்று கிடக்கும். அதைச் சுரண்டி எடுக்க அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. ஆனால் நெருப்பு அணைந்து இரும்பு ஆறினால்தான் அதில் கையை விட முடியும். டூகல் ஆறு வருஷமாக முட்டை பொரித்தான், கிழங்கு அவித்தான், ஓவனில் காலுறை காயவைத்தான். அடியில் என்ன நடக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"ஒரு நாள் அணைச்சுக் குடு, சுத்தம் பண்ணிடறேன்" என்று வால்மை கேட்டுப் பார்த்தாள்.

"என்ன வேணும்னாலும் கேளு. அதைக் கேக்காதே" என்றான் அவன். வேலி தாண்டி எனக்குக் கேட்டது. நான் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் அவர்கள் புகைபோக்கி ரயில் போல உறும ஆரம்பித்தது. உள்ளே ஒட்டியிருந்த புகைக்கரி பற்றிக்கொண்டுவிட்டது. கூரை மேல் பொறி பறந்தது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். வால்மை அதற்குள் உப்பு டப்பாவை அப்படியே நெருப்பில் கவிழ்த்து, காற்றுப் போகும் தகட்டை இழுத்து மூடி, அடுப்பின் வாயில் ஈரச் சாக்கை அடைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் உறுமல் அடங்கியது. டூகல் சுவரோடு சாய்ந்து நின்றான். அவன் முதலில் பார்த்தது எதை என்கிறீர்கள்? கூரையையா, பெண்டாட்டியையா? அடுப்பு வாயைத் திறந்து தணல் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

வால்மை கையைத் துடைத்துக்கொண்டாள்.

"டூகல், நல்லா கேட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை எட்னாவோட தங்கச்சி சாப்பிட வர்றா. ஒவ்வொரு வருஷமும் உன் சமையலை நம்பாம, வாட்டின ஆட்டுத்தொடையைத் துணியில சுத்திக் கொண்டுவர்றவ. இந்த வருஷம் நான் சமைக்கிறேன்னு சொல்லியிருக்கேன். இந்த ஓவன்ல அது வேகணும். வேகலேன்னா திங்கக்கிழமை பஸ்ஸுல நான் வெஸ்ட்போர்ட் போறேன். வீடு எரிஞ்சு சாக நான் வாக்கப்படல."

மறுநாள் டூகல் வேலியோரம் வந்து நின்றான்.

"அவ போயிடுவாளா பெக்?"

"போயிடுவா. கேக் தகரத்தை எல்லாம் மூட்டை கட்டிட்டா."

"அவ போனா நான் செத்தேன். ஆனா அந்த நெருப்பை என் கையால அணைக்க முடியாதே" என்றான். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உள்ளே வந்து சுவிட்சைத் தட்டி டீ போட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வால்மை என் கதவைத் தட்டினாள்.

"உன் துவைக்கிற கொட்டகையில துணி வெளுக்கிற செப்பு அண்டா இருக்கே, அதுக்குக் கீழ இருக்கிற அடுப்பு எரியுமா?"

"எரியும். எதுக்கு?"

"ஒரு நாளைக்கு உன் வீட்டுல ஒரு விருந்தாளி தங்கணும். வாடகை வேணும்னா டூகல்கிட்ட வாங்கிக்கோ."

அவனிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "அணைக்கச் சொல்லல. இடம் மாத்தச் சொல்றேன்." அவன் தானே போய்க் கரிக்கரண்டியை எடுத்தானாம்.

அன்று எங்கள் கடற்கரை மழை பக்கவாட்டில் அடித்தது. டூகல் நீளக் கைப்பிடிக் கரண்டியில் தணலை ஏந்திக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரம் எடுத்துப் போகிறவனைப் போல அடிமேல் அடி வைத்து வந்தான். நான் குடை பிடித்தேன். அவனுக்கு அல்ல, நெருப்புக்கு. அவன் தொப்பலாக நனைந்தான், நானும் நனைந்தேன். எதிர் ஜன்னலிலிருந்து யாரோ, "ஏ பெக், கரண்டு அடுப்புக்கு நெருப்புக் கடன் வாங்குறியா?" என்று கத்தினார்கள். எனக்குச் சுருக்கென்றது. குடையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

டூகல் என் கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட தொட்டி மேல் உட்கார்ந்து, அண்டா அடுப்பில் துண்டு துண்டாகக் கரியைப் போட்டு நெருப்பைக் காத்தான். சாப்பிடக்கூட நகரவில்லை. பக்கத்து வீட்டில் இரும்பு ஆறியதும் வால்மை வேலையைத் தொடங்கினாள். மேல்தட்டுகளைக் கழற்றுகிற சத்தம், பிரஷ் இழுபடுகிற சத்தம், வாளி வாளியாகப் புகைக்கரியைத் தோட்டத்தில் கொட்டுகிற சத்தம் எல்லாம் கேட்டது. நடுநடுவே அவள் பாட்டும் பாடினாள், சுருதி மட்டும் சேரவில்லை.

ரீஃப்டன் பஸ்ஸில் மத்தியானம் வந்து இறங்கினாள் தோரா, எட்னாவின் தங்கை. ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது என்பதால் எப்போதும் சனிக்கிழமையே வந்துவிடுவாள். டூகல் வீட்டு வாசல்வரை போய்விட்டு என் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

"உன் புதுப் பொண்டாட்டி முகத்துல கண்ணு மட்டும்தான் தெரியுது. கைகுடுக்க முடியாது, பக்கத்து வீட்டுல போய் டீ குடின்னு விரட்டிட்டா. நீ இங்க என்ன பண்றே மச்சான்? துணி வெளுக்கிறியா?"

டூகல் தலை நிமிராமல் விஷயத்தைச் சொன்னான். எட்னா மூட்டிய நெருப்பு, ஆறு வருஷம், எல்லாவற்றையும். தோரா கைப்பையைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, கிறுக்கு மனுஷா. அடுப்பைச் சுத்தம் பண்ணச் சோம்பேறித்தனம்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

"என்ன சொல்றே?"

"எட்னா ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை அணைப்பா. நீ ஷிப்டுக்குப் போன கையோட அணைச்சு, குப்புறப் படுத்துக்கிட்டு அடியில சுரண்டி எடுப்பா. நீ வர்றதுக்குள்ள திரும்ப மூட்டிடுவா. அன்னைக்கும் சுத்தம் பண்ணி, காகிதமும் சுள்ளியும் அடுக்கி வெச்சிருந்தா. அதுக்குள்ளதான் விழுந்துட்டா. வந்தவங்களுக்கு டீ போடணுமேன்னு தீக்குச்சி கிழிச்சது நான், டூகல். அது என் நெருப்பு."

டூகல் கையிலிருந்த கரித்துண்டை நெருப்பில் போடாமல் கீழே வைத்தான். ஆறு வருஷத்தை ஒரு நொடியில் பிடுங்கிவிட்டாளே என்று எனக்குத் தோரா மேல் ஆத்திரம் வந்தது.

அந்த நேரம் பார்த்து வால்மை வாசலில் வந்து நின்றாள், தலை முதல் கால் வரை கரி.

"அடுப்பு ரெடி. நெருப்பைக் குடு."

டூகல் அசையவில்லை. "இது எட்னாவோடது இல்லையாம். தோரா மூட்டினதாம். ஒண்ணுமில்லாததுக்கு உன்னைப் படுத்திட்டேன். இது அணைஞ்சு போகட்டும். நீ புதுசா மூட்டிக்கோ" என்று தீப்பெட்டியை நீட்டினான்.

வால்மை தீப்பெட்டியை வாங்கவில்லை. தோராவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"சுள்ளி அடுக்கினது யாரு?"

"எட்னா."

"ஆறு வருஷமா யாருக்காக இதைக் காப்பாத்தினே?"

"அவளுக்காகத்தான்."

"அப்ப யார் குச்சி கிழிச்சா என்ன? இது அவளோடதுதான். எந்திரி. எனக்கு அவகூடச் சண்டை இல்ல. புகைக்கரியோடதான் சண்டை. அது முடிஞ்சிடுச்சு."

டூகல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோரா மூக்கைச் சிந்தினாள். நானும்தான். வால்மை மட்டும், "தணல் ஆறுது, சீக்கிரம்" என்று அதட்டினாள். மறுபடி குடை, மறுபடி ஊர்வலம். இந்தத் தடவை தோராவும் சேர்ந்துகொண்டாள். கருப்பு மெழுகு தேய்த்த அடுப்பு மினுமினுத்தது. அதன் வாயருகே போனதும் டூகல் கரண்டியை வால்மை கையில் கொடுத்தான். பிறகு ஆணியில் தொங்கிய கம்பியை எடுத்து அதையும் கொடுத்தான். கோட்டை உலர்த்தப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடைக் கறி எலும்பைத் தொட்டால் கழன்றது. ஸ்பாஞ்ச் கேக் மேஜை மாதிரி சமமாக எழும்பியிருந்தது. தோரா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை. எட்னா இன்னும் கொஞ்சம் ஜாம் வெப்பா" என்றாள். மூன்றாவது துண்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்ததை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை ஜன்னலைத் திறந்தால், தொப்பி போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள் வால்மை. செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"வெஸ்ட்போர்ட்டுக்கு. வீட்டை விக்கத் தரகர்கிட்ட சொல்லிட்டு சாவியைக் குடுத்துட்டு வரணும்" என்றாள். பஸ் வந்து நின்றது. படியில் ஏறிவிட்டுத் திரும்பினாள். "சாயங்காலம் வந்துடுவேன். அதுவரைக்கும் அந்தக் கம்பியை டூகல் தொடாம பாத்துக்கோ."