பழைய பேட்டரியில் பாடிய ஆள்

வெயிலில் காய்ந்த பேட்டரிக்கு ஒரு வாசம் உண்டு... துருவும் சூடும் கலந்த வாசம். அந்தக் கால ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலில் நானும் ஜோதியும் ஒரே ரூம். இரண்டு பேருமே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவளுக்கு ஊர் டி. கல்லுப்பட்டி. சிங்கப்பூர் மாமா கொடுத்த டேப்ரெக்கார்டர் ஒன்று வைத்திருந்தாள். ஆனால் ரூமில் பிளக் பாயின்ட் கிடையாது. நாங்கள் ஹீட்டர் போட்டுவிடுவோம் என்று வார்டன் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். ஆறு பெரிய பேட்டரிதான் கதி. தீர்ந்துபோனால் மொட்டை மாடியில் காயவைத்து அதையே திரும்பப் போடுவோம். வத்தல் காயப்போட வரும் சமையல்கார அக்கா, "ஏத்தா, இதை வறுத்தா திங்கப் போறீக?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

தமிழ்ப் பாட்டுக்கு ரேடியோ இருந்தது. கேசட் என்றால் எங்களுக்கு இங்கிலீஷ்தான். டவுன்ஹால் ரோட்டு ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியவை... ராக்கும் பாப்புமாக ஒன்பது ஆல்பம். மேலே படமெல்லாம் கிடையாது, நீல மையில் பெயர் மட்டும்.

அதில் ஒன்று ஜோதிக்கு உயிர். (பெயரைச் சொல்லமாட்டேன், சண்டைக்கு வருவீர்கள்.) நிறுத்தி நிதானமாக, அடித்தொண்டையில் ஒரு ஆண் குரல். பாதி வார்த்தை புரியாது.

"இம்புட்டுப் பொறுமையா ஒருத்தன் பேசுனா, அவன்கூட எம்புட்டுக் காலம் வேணாலும் இருக்கலாம்டி" என்பாள்.

ஒருமுறை ஏதோ குஷியில் ஆறும் புது பேட்டரி போட்டோம். பாட்டு தலைதெறிக்க ஓடியது, குரல் கீச்சென்று... ஜோதி பதறிப்போனாள். "பவர் ஜாஸ்தியாகி டேப்பே கெட்டுரும். கழட்டுடி, கழட்டு." பழைய பேட்டரியைப் போட்டோம். ஆள் திரும்பி வந்துவிட்டார். புதுசு டார்ச்சுக்குப் போனது.

அந்த வருஷம்தான் ஒரு நாள் டூட்டியில், ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னை இடித்தாள்.

"ஏ வசந்தி... நம்ம பாட்டுக்காரன் தேனில டூட்டி பாக்குறான்டி."

வாங்கிக் கேட்டேன். "லைன்ல இருங்க மதுரை... கொஞ்சம் பொறுங்க..." அதே குரல், அதே நிதானம். தேனி எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர், பெயர் முருகேசன். அதற்குப் பிறகு தேனி டிரங்க் கால் எது வந்தாலும் ஜோதிதான் எடுப்பாள்.

இதற்கிடையில் அவள் அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அடுத்த வாரம் பூ வைக்க வருகிறார்கள். ஜோதி நேராகத் தேனிக்கு லைன் போட்டாள். "ஞாயித்துக்கிழமை திருப்பரங்குன்றம் வர முடியுங்களா?"

துணைக்கு நான் போனேன். ஆள் வந்தார். குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. ஒல்லி, குட்டை, சட்டை வேறு அண்ணனிடம் இரவல் வாங்கியது போலத் தொளதொளவென்று. ஜோதி கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப பேசுங்க" என்றாள்.

"வந்து... ரொம்ப நேரமாச்சுங்களா?"

அவ்வளவுதான். மறுநாளே ஊருக்குப் போய், எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அப்பா ஆறு மாதம் பேசவில்லை. பிறகு மருமகனோடு மட்டும் பேசினார்.

இப்போது அவர்கள் வீடு ஆனையூரில். எல்லோரும் ரிட்டயர்டு. போன மாதம் திடீரென்று எங்களுக்கு ஒரு ஆசை... அந்த ஒன்பது ஆல்பத்தையும் மறுபடி கேட்டு, எது இன்னும் நிற்கிறது என்று மார்க் போடலாம் என்று. ஜோதியின் மகள் கயல் போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அன்று ரத்தத்தைக் கொதிக்கவைத்த ராக் ஆல்பம், இப்போது பையன்கள் அடம்பிடிப்பது போல இருந்தது. கிடாருக்காக ஏழு மார்க். இன்னொன்றில் பத்துப் பாட்டும் ஒரே மெட்டு, மூன்று மார்க். எல்லாமே கொஞ்சம் வேகமாகப் பட்டது. நமக்குத்தான் வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம்.

தன்னுடையதை ஜோதி கடைசிக்கு வைத்திருந்தாள். "இது மட்டும் தோத்துப்போச்சுன்னா எனக்குத் தாங்காதுடி."

கயல் போட்டாள். துள்ளித் துள்ளி ஒரு பெண் குரல்.

"தப்பா எடுத்துட்ட. இது யாரோ பொம்பளை."

"இதேதாம்மா. இந்தா, பேரு சரியா இருக்கு பாரு." அட்டைப் படத்தைக் காட்டினாள். சுருட்டை முடியோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பாட்டுகளும் அதே வரிசை.

எனக்குப் பொறி தட்டியது. "ஜோதி... ஒரு நாள் புது பேட்டரி போட்டோமே, கீச்சுன்னு கேட்டுச்சே..."

அவள் என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மெல்லத் திரும்பி, பூண்டு உரித்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

முருகேசன் அண்ணன் நிமிரவே இல்லை. அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னார்: "அப்ப... பொம்பளை குரல்ல பேசுறேன்னுதான் என்னையக் கட்டிருக்க."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. ஜோதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்புறம் கயல் ஏதோ ஒரு ஆப்பில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்துக் குறைத்தாள். குறைய... குறைய... வந்துவிட்டார் எங்கள் ஆள். ஜோதி கண்ணை மூடிக்கொண்டாள், திருப்பரங்குன்றத்தில் மூடியது போலவே. பாட்டு முடிந்த பிறகுதான் திறந்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு ஆறு மார்க். இதுக்குப் பத்துக்குப் பத்து" என்றாள்.

"அன்னைக்கு அந்தப் புது பேட்டரியக் கழட்டாம விட்டிருந்தீகன்னா, நான் பாட்டுக்கு நிம்மதியாத் தேனியிலயே இருந்திருப்பேன்" என்றார் அண்ணன்.

"அதான் கழட்டச் சொன்னேன்" என்றாள் ஜோதி.

அப்போதெல்லாம் பேட்டரி தீரத் தீரப் பாட்டு மெதுவாகும், நாமும் அதோடு கொஞ்ச நேரம் கூட இருக்கலாம். இப்போது போனில் சார்ஜ் தீர்ந்தால் பாதிப் பாட்டில் பட்டென்று நின்றுவிடுகிறது.

என் வீட்டுச் சுவர்க்கடிகாரம் இரண்டு நாளாக மெதுவாக ஓடுகிறது. புது பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்... இன்னும் மாற்றவில்லை.