எங்கள் சுவரில் சிவப்புப் பெயிண்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு சனிக்கிழமை. விளாங்குடியில் எங்கள் வீட்டு முன்னால் பைக்கில் வந்திறங்கிய இரண்டு பேர், காம்பவுண்ட் சுவரில் சிவப்புப் பெயிண்டால் கொட்டை எழுத்தில் எழுதினார்கள்: ‘இந்த வீடு எங்கள் நிறுவனத்தில் அடமானத்தில் உள்ளது.’ கணவரின் பட்டறை மூடியதில் வீட்டுக்கடன் தவணை சில மாதங்களாக நின்றிருந்தது. ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்து, அடுத்த வாரம் வந்து வீட்டைப் பூட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை சர்ச்சிலிருந்து கேரல் பாட வருவார்கள். அவர்கள் கண்ணில் படக் கூடாதென்று, என் கணவர் வீட்டிலிருந்த போர்வைகளை எல்லாம் துவைத்துக் காயப்போட்டதுபோல் சுவரில் தொங்கவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடன் வாங்கினோம், திருடவில்லையே!

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கோர்ட்டில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் வக்கீல் பொறுமையாக விளக்கினார். நோட்டீஸுக்கு நாம் ஆட்சேபம் எழுதலாம், அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் வலுக்கட்டாயமாக யாரும் நம்மை வெளியேற்ற முடியாது. சுவரில் எழுதி மானத்தை வாங்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அங்கேயே நோட்டீஸுக்கு ஆட்சேபமும், சுவரில் எழுதியதைப் பற்றி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் புகாரும் எழுதி அனுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் போர்வைகளை உருவி எறிந்தேன். தெருவே பார்க்கட்டும்!

சொன்னபடி பூட்டோடு வந்தார்கள். கேட்டுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“சாமானையெல்லாம் எடுத்து வெளிய வைங்கக்கா. இன்னும் எம்புட்டு நாளைக்குச் சாக்குச் சொல்லுவீக?”

“கடனக் கட்டுவேண்ணே. மாஜிஸ்திரேட் ஆர்டர் இருந்தாக் காட்டுங்க, நானே எந்திரிச்சு வழி விடுறேன்.”

பேசிய ஆள் யாருக்கோ போன் செய்தார். எதிர்வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து என் பின்னால் நின்றார்கள். பூட்டு பைக்குள்ளேயே திரும்பிப் போனது.

புகார் வேலை செய்தது. சில நாளில் சுண்ணாம்பு வாளியோடு வந்தவர், சுவரில் எழுதிய அதே ஆள். ஒரு கோட் அடித்துவிட்டு நழுவப் பார்த்தார். “செவப்புத் தெரியுதுண்ணே, இன்னொரு கோட் அடிங்க” என்றேன். முறைத்துக்கொண்டே அடித்தார்.

தவணையை மாற்றி வாங்கி, இன்றுவரை கட்டி வருகிறோம். கடன்காரி என்பதற்காகச் சொந்த வீட்டு வாசலில் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்; அதன்பிறகு எங்கேயும் குனியவில்லை.